எந்த வாசலுக்கு எந்தக் கதவு?

வீடு கட்டுகிறவர்கள் பலரும் கதவுகளை ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பட்டியலாகப் போட்டு வாங்கிவிடுகிறார்கள். தலைவாசலுக்குத் தேக்கு, அறைகளுக்கு ஃபிளஷ் கதவு, கையில் மிஞ்சிய பணத்தில் குளியலறைக்கு ஏதாவது ஒரு பிளாஸ்டிக் கதவு. கணக்கு அதோடு முடிந்துவிடுகிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் தொல்லை தலைகாட்டும். படுக்கையறைக் கதவு முட்டும், தாழ்ப்பாள் துளையில் இறங்காது, குளியலறை நிலையின் அடிப்பாகம் கறுக்கும். மரக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ தச்சருக்கு வேலை தெரியவில்லை என்றோ வீட்டில் பேச்சு எழும். சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில், ஒவ்வொரு வாசலிலும் எவ்வளவு ஈரம் படும், எவ்வளவு வெயில் படும் என்று பாராமல் கதவைத் தேர்ந்திருப்பார்கள். விலையையும் மரத்தின் பெயரையும் விசாரிப்பதற்கு முன் ஈரத்தையும் வெயிலையும் பார்த்துவிட்டால் செலவும் குறையும், கதவும் நீடித்து உழைக்கும்.

மரம் ஏன் அசைகிறது?

அறுத்துப் பலகையாக்கிய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவே. அகலவாக்கில்தான் வேலையைக் காட்டும். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் அதில் தண்ணீர் எத்தனை சதவீதம் என்பதை ஈரப்பதம் என்பார்கள். கதவுக்கான மரத்தில் அது 12 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் அது இன்னும் இறங்கும், கார்த்திகை அடைமழையில் ஏறும்.

தேக்கு மற்றப் பல மரங்களைவிடக் குறைவாகவே அசையும். அந்தத் தேக்கிலும் ஈரப்பதம் 1 சதவீதம் ஏறினால் அகலம் சுமார் 0.2 சதவீதம் கூடும். சட்டக் கதவு (நான்கு பக்கமும் கனத்த சட்டமும் நடுவே பலகையும் கொண்ட கதவு) ஒன்றின் இரண்டு பக்கச் சட்டங்களும் தலா 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மழையில் ஈரப்பதம் 5 சதவீதம் ஏறினால் அந்த 24 செ.மீ. அகலம் கிட்டத்தட்ட 2.4 மி.மீ. உப்பும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே தச்சர் விட்டிருக்கும் இடைவெளியே 3 மி.மீ. அளவுதான். கதவு ஏன் முட்டுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முழுப் பலகைகளை ஒட்டிச் செய்த 90 செ.மீ. கதவாக இருந்தால் இதே ஈரத்தில் 9 மி.மீ. உப்பும். சட்டம் கட்டி நடுவில் பலகையைச் செருகும் முறையைப் பழைய தச்சர்கள் கைக்கொண்டதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. நடுப்பலகை சட்டத்தின் காடியில் (பலகை விளிம்பு செருகும் பள்ளத்தில்) இறுகாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் அது உப்பவும் சுருங்கவும் இடம் இருக்கும். ஆடாமல் இருக்கட்டும் என்று அதற்குப் பசை போட்டு ஆணியும் அடித்தால், மழையில் சட்டத்தின் மூலை விரியும், கோடையில் பலகை நடுவில் வெடிக்கும். கதவு செய்யக் கொடுக்கும்போதே இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நிலை வைக்கும் நாள்

நம் வீடுகளில் நிலை வைப்பதற்கு நாள் பார்க்கிறோம், பூசை செய்கிறோம், அடியில் நவதானியமும் பொன்னும் இடுகிறோம். செய்யுங்கள். ஆனால் தேதி குறித்த பிறகு மரக்கடைக்கு ஓடாதீர்கள். நாள் நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில்தான் அறுத்த ஈரம் காயாத மரம் நிலையாகிறது. அது சுவரோடு சுவராக நின்றபடி காய்ந்து முறுக்கிக்கொள்ளும், சுவருக்கும் நிலைக்கும் நடுவே விரிசல் விழும். முறுக்கிய நிலையில் எவ்வளவு நல்ல கதவைப் பொருத்தினாலும் அது ஒரு மூலையில் முட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அஸ்திவாரம் போடும் சமயத்திலேயே நிலைக்கான மரத்தை எடுத்துவிடுங்கள். மண்ணில் படாமல், நிழலில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மெல்லிய குச்சிகளைக் குறுக்கே வைத்துக் காற்றோட அடுக்கிவையுங்கள். சூளையில் பதப்படுத்திய மரம் (சூடான அறையில் கட்டுப்பாட்டோடு ஈரம் இறக்கிய மரம்) கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மீட்டர் இப்போது பல மரக்கடைகளில் இருக்கிறது. காட்டச் சொல்லிக் கேளுங்கள். நிலைக்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் பொறுத்திருங்கள்.

பல கடைகளில் நிலையைச் செய்து, ரெட் ஆக்சைடு அடித்துத் தயாராக வைத்திருப்பார்கள். அந்தப் பூச்சு மரத்தைக் காப்பது உண்மை. ஆனால் மரத்தில் இருக்கும் வெளிறையும் (பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியையும்), மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த முடிச்சுகளையும், நுனியில் ஓடும் கீறல்களையும் அதே பூச்சு மறைத்துவிடும். பூச்சு அடிக்கும் முன் பார்த்தே தீருவேன் என்று சொல்லுங்கள். வைரம் (மரத்தின் நடுப்பகுதி, முதிர்ந்து நிறம் கறுத்தது) கறையானையும் ஈரத்தையும் தாங்கும். வெளிறு எந்த மரத்திலும் தாங்காது, தேக்கிலும் தாங்காது. சட்டத்தின் ஒரு மூலை முழுக்க வெளுப்பாக ஓடினால் அதைத் தேக்கு என்ற பெயரில் வாங்குவதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

விலைச்சீட்டைச் சரிபார்க்கவும் தெரிந்துகொள்ளுங்கள். மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. மூன்றரை அடிக்கு ஏழடித் தலைவாசல், கீழ்ப்படியும் சேர்த்து என்றால், இரண்டு கால்கள் 14 அடி, மேலும் கீழும் 7 அடி, ஆக 21 அடி. சட்டம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் என்றால் 5-ஐ 3-ஆல் பெருக்கி, 144-ஆல் வகுத்து, 21-ஆல் பெருக்குங்கள். சுமார் 2.19 கன அடி வரும். பில்லில் 3 கன அடி போட்டிருந்தால் காரணம் கேட்கலாம். அறுத்த அளவுக்குப் பணம் வாங்கி, இழைத்த பின் கால் அங்குலம் குறைந்த சட்டத்தைத் தருவது வழக்கம்தான், அதில் தவறில்லை. எந்த அளவுக்குப் பில் போடுகிறார்கள் என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

நிலையின் கால்களைத் தரைக்குள் புதைக்காதீர்கள். சுவரில் படும் முதுகுப்பக்கத்துக்கும், காலின் அடி வெட்டு முகத்துக்கும் பூச்சு இருக்கிறதா என்று, நிறுத்துவதற்கு முன் படுக்கப் போட்டுப் பாருங்கள். நிறுத்திய பிறகு அந்த இடங்களுக்குத் தூரிகை போகாது. சுவர்ப் பூச்சு வேலை நடக்கும் நாட்களில் சிமென்ட் தண்ணீர் படாமல் நிலையைப் பாலித்தீன் தாளால் சுற்றிவைத்து, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். கதவை மட்டும் அவசரப்பட்டு மாட்டவே வேண்டாம். சுவர் பூச்சு காய்ந்து, தரையில் டைல்ஸ் போட்டு முடித்த பிறகு அளவெடுங்கள். முதலில் மாட்டிவிட்டு, தரை உயர்ந்ததும் அடியை அறுத்துவிட்டுப் போகும் கதவுகள்தான் பின்னாளில் அடியிலிருந்து ஊறுகின்றன. அறுத்த விளிம்புக்குப் பூச்சு அடிக்க யாருக்கும் அப்போது நேரம் இருப்பதில்லை.

தலைவாசல்

பர்மா தேக்கு என்ற பெயருக்கு நம்மிடம் இன்றும் மயக்கம் உண்டு. 2014 ஏப்ரலில் மியன்மார் தேக்கு உருட்டு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளில் தோட்டமாக வளர்த்த தேக்கு. இனம் ஒன்றுதான். ஆனால் சீக்கிரம் வெட்டிய இளமரத்தில் வைரம் குறைவு, வெளிறு அதிகம். ஆகவே ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். வைரம் எவ்வளவு, நார் நேராக ஓடுகிறதா, அறுத்த நுனியில் வெடிப்பு உண்டா, புதிதாகச் சீவிய இடத்தில் தேக்கின் எண்ணெய் வாசனை வருகிறதா என்று பாருங்கள். காட்டுத்தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு என்று அடைமொழியோடு வருபவற்றில் சில தேக்கே அல்ல. மரத்தின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும்.

தேக்குக்குப் பணம் எட்டவில்லை என்றால் வருந்த வேண்டாம். வேங்கையும் கோங்கும் நிலைக்கு உறுதியான மரங்கள். பலாவும் வேம்பும் நம் கிராமத்து வீடுகளில் தலைமுறைகளாக உழைத்திருக்கின்றன. மரம் எதுவானாலும், வைரமாகவும் உலர்ந்ததாகவும் இருப்பதே முதல் தேவை.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவுகளைக் காட்டி, அதுபோல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கதவுகள் முதிர்ந்த மரத்தில் செய்தவை என்பது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: அவை முகப்புக்கும் திண்ணைக்கும் பின்னால், நேர் வெயிலும் சாரலும் எட்டாத நிழலில் நிற்கின்றன. இன்றைய வீடுகளிலோ தெருவைப் பார்த்த சுவரில், ஓரடி சன்ஷேடின் கீழ், மேற்கு வெயில் முழுக்க வாங்கும்படி கதவை வைக்கிறோம். கதவின் வெளிமுகம் காய்ந்து சுருங்கும்போது உள்முகம் அப்படியே இருக்கும், கதவு வில்லாக வளையும். வரைபட நிலையிலேயே தலைவாசலுக்கு மேல் இரண்டரை அடியாவது நீண்ட மறைப்பு வையுங்கள். விலையுயர்ந்த மரத்தால் செய்ய முடியாததை அந்த மறைப்பு செய்யும்.

பாலிஷ் விஷயத்தில் ஒரே விதி: கதவின் ஆறு பக்கமும் மூட வேண்டும். முன், பின், இரண்டு ஓரம், தலை, அடி. தலையும் அடியும்தான் விட்டுப்போகும். மரத்தின் குறுக்குவெட்டு முகம், திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை மேலே இழுக்கும் இடம் அது. மெலமைன் பாலிஷ் வீட்டுக்குள் போதும். வெளிமுகத்துக்கு, வெயிலைத் தாங்கும் என்று டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் பாலியூரித்தேன் பாலிஷ் வேண்டும். ஒரு முகத்துக்கு மட்டும் அடித்துவிட்டு, உள்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடுவது கதவை வளைக்க எளிய வழி.

தலைவாசல் கதவு 38 மி.மீ. கனத்துக்குக் குறையாமலும், ஐந்தங்குலக் கீல்கள் நான்கோடும் இருக்கட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீலும் அதே தரத் திருகாணியும் வாங்குங்கள். நல்ல கீலில் இரும்புத் திருகாணியைப் போட்டால் உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடித்துக் கீல் ஆடும். பூட்டு எவ்வளவு விலை என்பதைவிட, பூட்டின் நாக்கு போய் விழும் தகட்டை நிலையில் எவ்வளவு நீளத் திருகாணியால் பிடித்திருக்கிறார்கள் என்பது முக்கியம். உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் பெயர்வது அந்தத் தகடுதான். இரண்டங்குலத் திருகாணிக்குக் குறையக் கூடாது.

வெளியே இரும்புக் கிரில் கதவு வைத்து இரவில் உள்ளிருந்து பூட்டுகிற வீடுகளில், சாவி இருட்டிலும் கைக்கெட்டும் ஓரிடத்தில், வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். தீ விபத்தில் புகைக்குள் சாவி தேட முடியாது.

அறைக் கதவுகள்

அறைகளுக்குத் தேக்கு தேவையில்லை. ஃபிளஷ் கதவு (உள்ளே மரக்கட்டைகளை அடுக்கி, இருபுறமும் ஒட்டுப்பலகை ஒட்டிய தட்டைக் கதவு) போதும். மரத்துண்டு நிறைந்த திடக் கதவுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2202. உள்ளே கூடாக இருக்கும் கதவுக்கு ஐ.எஸ். 2191. கதவின் ஓரத்திலோ முகத்திலோ இந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தட்டிக்கொண்டே போனால் கூடான இடம் சத்தத்தில் தெரியும். கனம் 30 மி.மீ. போதும், சத்தம் மட்டுப்பட வேண்டுமானால் 35 மி.மீ.

ஒரு முகத்தில் மட்டும் சன்மைக்கா ஒட்டி, மறுமுகத்துக்குப் பெயின்ட் அடிப்பது பரவலாக நடக்கிறது. இரண்டு முகமும் ஈரத்தை ஒரே அளவில் வாங்காது, அதனால் கதவு வளையும். இரண்டுக்கும் ஒன்றே போடுங்கள். ஃபிளஷ் கதவின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய மரப்பட்டைக்கு மேல் இழைத்தால் உள்ளே இருக்கும் அடுக்கு வெளியே வந்துவிடும். ஆகவே வாசலுக்குச் சரியான அளவில் வாங்குவதே வழி, பெரியதாக வாங்கிச் சீவிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

குளியலறை

வீட்டில் அதிகக் கவனம் பெற வேண்டியதும், குறைந்த கவனம் பெறுவதும் இந்தக் கதவுதான்.

‘வாட்டர் புரூஃப் ஒட்டுப்பலகை’ என்ற சொல்லை நம்பி மரக்கதவு போடுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். தண்ணீரைத் தாங்குவது அதிலுள்ள பசை. கொதிநீரிலும் அடுக்குகள் பிரியாது என்பதே அந்தத் தரத்தின் பொருள். பசைக்கு நடுவே இருக்கும் மரம் தண்ணீரை வாங்கும், தொடர்ந்து ஈரத்தில் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், உளுக்கும். தினமும் தண்ணீர் தெறிக்கும் வாசலுக்கு மரம் தவிர்த்த பொருளே ஏற்றது. கண்ணாடியிழைக் கதவு, டபிள்யூ.பி.சி. கதவு (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகை), உள்ளே உறுதிச்சட்டம் வைத்த யு.பி.வி.சி. கதவு ஆகிய மூன்றும் ஈரத்தில் உப்பாது. டபிள்யூ.பி.சி. வாங்கும்போது கையில் எடைபோட்டுப் பாருங்கள். மிகவும் லேசான பலகையில் கீலின் திருகாணி பிடிக்காது. அதே பலகையை நேர் வெயில் படும் மொட்டைமாடிக் கதவுக்குப் போட்டால் சூட்டில் வளைந்துவிடும். உள்ளே வெற்றிடமான மெல்லிய பி.வி.சி. கதவு விலை குறைவு, ஆனால் கீல் இருக்கும் இடம்தான் முதலில் கிழியும்.

நிலைக்கும் இதே கணக்கு. கிரானைட் நிலை, கான்கிரீட் நிலை, டபிள்யூ.பி.சி. நிலை எல்லாம் நன்றாக உழைக்கின்றன. கல்நிலையில் கீலுக்கான துளையைப் பொருத்துவதற்கு முன்பே அளந்து போடச் சொல்லுங்கள்.

அடுத்தது அகலம். குளியலறைக்கு இரண்டரை அடி என்பது நம் ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டது. இரண்டரை அடி என்றால் 76 செ.மீ., அது நிலையின் வெளி அளவு. இரண்டு கால்களின் கனத்தைக் கழித்தால் நடக்கக் கிடைக்கும் திறப்பு சுமார் 63 செ.மீ. சக்கர நாற்காலிகள் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ. அகலம். முதியவரை ஒருவர் கைத்தாங்கலாக அழைத்துப் போவதற்கும் 63 செ.மீ. போதாது. மூன்றடி நிலை வைத்தால் 78 செ.மீ. கிடைக்கும். கட்டும்போது அரையடி கூட்டுவதற்குச் செலவு சொற்பம். பின்னாளில் சுவரை இடித்து அகலப்படுத்துவது பெரிய வேலை.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை இன்னும் சிலரே யோசிக்கிறார்கள். உள்நோக்கித் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால், அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும். இடம் இருந்தால் குளியலறைக் கதவு வெளிநோக்கித் திறக்கட்டும். உள்ளே கொண்டி போடுவதற்குப் பதில், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டை வையுங்கள். கதவின் அடியில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டால் காற்றும் போகும், உள்ளிருந்து கூப்பிடும் குரலும் கேட்கும்.

முட்டினால் என்ன செய்வது?

மழைக்காலத்தில் கதவு இறுகினால் இழைப்புளியை எடுக்காதீர்கள். நவம்பரில் சீவிய கதவு ஏப்ரலில் விரலளவு சந்து காட்டும், அப்போது இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். ஒரு காகிதத்தைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட்டு மேலிருந்து கீழ்வரை ஓட்டினால், சிக்கும் இடம் தெரியும்.

பூட்டு இருக்கும் பக்கம் மேல் மூலையில் நிலையோடும், அதே பக்கம் கீழ் மூலையில் தரையோடும் உரசினால், கதவு தொங்குகிறது. குற்றம் மேல் கீலில் இருக்கிறது. திருகாணிகளைக் கழற்றி, துளையில் பசை தடவிய மரக்குச்சியை இறுக அடித்து, பசை காய்ந்ததும் சற்று நீளமான திருகாணியைப் போட்டால் சரியாகும். தீக்குச்சியைச் செருகித் திருகுவது சில வாரங்கள்தான் தாங்கும். பூட்டுப் பக்க ஓரம் முழுக்க ஒரே சீராக, அதுவும் மழையில் மட்டும் முட்டினால், அது ஈரம். அந்த ஓரத்தில் மெழுகு தேய்த்துக் காலத்தை ஓட்டுங்கள். கோடையில் கதவைக் கழற்றி, ஆறு பக்கமும் பூச்சு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தை மூடுங்கள். அதன்பிறகு அடுத்த மழையிலும் முட்டினால் அப்போது ஒன்றிரண்டு மி.மீ. இழைக்கலாம், இழைத்த இடத்துக்கு அன்றே பூச்சு அடிக்க வேண்டும். எல்லாப் பருவத்திலும் முட்டி, இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் நிலையே அசைந்திருக்கலாம். சுவரில் விரிசல் உண்டா என்று பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

குளியலறைக் கதவின் அடியில் பெயின்ட் கொப்புளித்தால், ஒரு கோணூசியால் குத்திப் பாருங்கள். ஊசி தடையில்லாமல் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. இங்கே பலரும் செய்வது அடியில் அலுமினியத் தகடு அடிப்பது. உளுத்த மரத்தின் மேல் தகடு அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும், உளுப்பு கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறும். பழுது அரையடிக்குள் நின்றால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, வெட்டு முகத்துக்குப் பூச்சு அடித்து, அதே கனமுள்ள டபிள்யூ.பி.சி. துண்டைப் பொருத்தலாம். அதற்கு மேல் போயிருந்தால் கதவை மாற்றுங்கள்.

நிலையில் பூச்சி தெரிந்தால் பதற்றம் வேண்டாம், எந்தப் பூச்சி என்று முதலில் பிரித்தறியுங்கள். சுவரிலும் நிலையிலும் மண் கோடு ஏறினால் கறையான். மண் கோடே இல்லாமல், குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால், வெளிறில் புகுந்த துளைப்பான் வண்டு. வண்டாக இருந்தால் பாதிப்பு பெரும்பாலும் அந்த மரத்தோடு நிற்கும், மரத்துக்கு மட்டும் மருந்து செலுத்தினால் போதும். கறையான் மண்ணிலிருந்து வருவது. மண் கோட்டைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினால் அது வேறு வழியில் ஏறும், உங்களுக்கு மிஞ்சுவது தீ ஆபத்தும் நாற்றமும். வண்டியில் வடித்த பழைய ஆயிலைத் தடவினால் அந்த மரத்தில் பிறகு பாலிஷும் பிடிக்காது. உரக்கடையில் பயிர் மருந்து வாங்கி வீட்டுக்குள் தெளிப்பதை அறவே தவிருங்கள், குழந்தைகள் தவழும் தரை அது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் 30 செ.மீ.க்கு ஒரு துளையிட்டு மருந்து செலுத்துவதே முறையான சிகிச்சை. குடியிருக்கும் வீட்டில் அதைச் செய்யும் முறையை ஐ.எஸ். 6313-இன் மூன்றாம் பகுதி வகுத்திருக்கிறது. வருகிற நிறுவனத்திடம் அந்தத் தரப்படி செய்வார்களா, என்ன மருந்து, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை மண் கோட்டைக் கலைக்காமல் விட்டுவையுங்கள், எங்கிருந்து ஏறுகிறது என்பதற்கு அதுதான் தடயம்.

பழைய வீட்டில் எல்லாக் கதவுகளையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. கையில் ஒரு கதவுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், தலைவாசலுக்குப் புதுத் தேக்குக் கதவு போடுவதைத் தள்ளிவைத்துவிட்டுக் குளியலறைக் கதவை மாற்றுங்கள். அதற்கும் இப்போது வசதியில்லை, வீட்டிலோ பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால், உள்பக்கக் கொண்டியைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து திறக்கும் பூட்டையாவது இந்த வாரமே வைத்துவிடுங்கள்.